பாதி மைதானம்

ஒரு வருஷம் முழுக்க அந்த மைதானத்துக்குப் பக்கத்திலேயே இருந்தேன். ஆனா அதை முழுசாப் பார்த்தது கிடையாது. ஹாஸ்டல் அடுக்களையில் நான் தேங்காய் திருவ உட்காருற இடத்துக்கு நேரே ஒரு கம்பி ஜன்னல் இருந்தது. அதுவழியாப் பார்த்தா பாதி மைதானமும் ஒரு கோல் போஸ்டும் தெரியும். மற்ற பாதியைத் தண்ணீர்த் தொட்டி மறைச்சிருக்கும். பந்து தொட்டிக்கு அந்தப் பக்கம் போயிட்டா, எனக்குச் சத்தம் மட்டும்தான். சத்தம் ஒரேயடியா எழும்பினா கோல். ‘அய்யோ’ன்னு நீண்டு இறங்கினா பந்து வெளியே போச்சு. கொஞ்ச நாளில், சத்தத்தைக் கேட்டே பந்து யாருக்க காலில் இருக்குன்னு சொல்லுற அளவுக்குப் பழகிட்டேன். இடது ஓரத்துப் பிள்ளைங்க எழும்பி நின்னு கூவினா, அது எனக்க மகன்.

நான் நாலாம் கிளாஸோட நின்னவ. எழுதிப் பழக்கமில்லை. பேசியும் பழக்கமில்லை. நாலு பேர் இருக்கிற இடத்தில் ஆளுக்குப் பின்னாலே போய் நின்னுருவேன். எழுதுறதில் ஒரு சௌகரியம், யாருக்க முகத்தையும் பார்க்க வேண்டாம். அதனாலதான் இதை எழுதுறேன். சொல்ல வேண்டிய நேரத்தில் சொல்லாமல் விட்ட ஒரு காரியம் இதில் உண்டு.

தொண்ணூறுகளில்தான் இது நடந்தது. மகன் திருவனந்தபுரத்துப் பல்கலைக்கழகத்தில் தமிழ் எம்.ஏ. சேர்ந்த வருஷம். பந்து விளையாடுறவங்களுக்குன்னு இருந்த சீட்டில் கிடைச்சது. அதே வருஷம் அந்த ஹாஸ்டல் அடுக்களையில் ஒருத்தி பிரசவத்துக்குப் போனா, அவளுக்குப் பதிலா ஒரு ஆள் வேணும்னு வந்தது. அமரவிளையில் இருந்து ஒரு அக்கா அங்கே தலைமைச் சமையல்காரியா இருந்தா. அவதான் என்னை இழுத்துட்டுப் போனா. “எட்டி, செங்கல் சுமந்து சுமந்து உனக்க கழுத்தே உள்ளே போயிட்டுது. வா, தேங்காயைத் திருவு, கிழங்கை வெட்டு. மழையும் இல்லை, வெயிலும் இல்லை.”

பாறசாலையில் காலை பாசஞ்சரில் ஏறுவேன். அமரவிளையில் அக்கா ஏறுவா. ஏறினதும் எனக்க தூக்குப் பாத்திரத்தைத் திறந்து பார்ப்பா. “இன்னைக்கும் மரச்சீனிக் கிழங்குதானா? உனக்கு வேற ஒண்ணும் முளைக்காதோ?” அப்புறம் அதில் பாதியைத் தின்பா. திருவனந்தபுரத்தில் இறங்கி பஸ் பிடிச்சுப் போய்ச் சேரும்போது, பிள்ளைங்க கண்ணைக் கசக்கிட்டு டீக்கு வரிசையில் நிக்கும்.

அந்த மாதிரி ஒரு உலகத்தை நான் அதுக்கு முன்னே கண்டதில்லை. இன்னைக்கு சமரம், ஸ்டிரைக்குன்னு கிளாஸ் கிடையாது, நாளைக்கு அந்த சமரத்தை எதிர்த்து ஒரு ஊர்வலம். இரண்டு கூட்டமும் மத்தியானம் ஒரே மேசையில் இருந்து ஒரே சாம்பாரைத் திட்டும். எலெக்ஷன் வந்தப்போ சீட்டைக் கொண்டு அடுக்களைக்கே வந்தாங்க.

“சேச்சி, எங்க ஆளுக்கு ஒரு வோட்டு.”

நான் தலையைக் குனிஞ்சுட்டு, “எனக்கு இங்கே வோட்டு இல்லை மக்கா”ன்னேன்.

“அப்படீன்னா ஒரு பப்படம் கூடத் தாங்க.”

அக்கா கரண்டியை ஓங்கினா, ஓடிட்டாங்க.

மகனும் டீமோட ஹாஸ்டலில்தான் தங்கினான். அடுக்களைக்காரி மகன்னு தெரிஞ்சா அவனுக்குக் குறைச்சலாயிருமோன்னு முதல் நாள் நான் அவனுக்குத் தட்டில் விளம்பாமல் உள்ளே போயிட்டேன். அவன் வரிசையில் நின்னே கத்தினான். “எம்மா, எங்க போற? எனக்குக் கருகின தோசை வேணும், அடியில உள்ளது!” அவ்வளவு பேரும் திரும்பிப் பார்த்தாங்க. என் காது ரெண்டும் சூடாயிட்டுது. மறுநாளில் இருந்து டீமில் உள்ள பதினெட்டுப் பேரும் என்னை அம்மான்னுதான் விளிச்சாங்க. மலப்புறத்துக்காரன் ஒருத்தன் உண்டு, கோல் கீப்பர். அவனும் கருகின தோசையே கேட்கத் தொடங்கினான்.

பிரீடிகிரி படிக்கிற வரைக்கும் மகன் வெறுங்காலில்தான் விளையாடினான். கொல்லயில் ஊர்ப் பக்கம் அறுத்துக் கிடக்கிற வயல்தான் மைதானம். நெல்லுத் தாள் குத்திக் குத்திக் கால் அடி முழுக்கப் புள்ளியாயிருக்கும். பல்கலைக்கழகத்தில் கோச்சு சார் ஒரு பூட்ஸ் கொடுத்தாரு. ஒரு அளவு பெருசு. நான் எனக்க பழைய ரவிக்கைத் துணியைச் சுருட்டி முனையில் திணிச்சுக் கொடுத்தேன். அதைப் போட்டுத்தான் அந்த வருஷம் முழுக்க ஓடினான்.

தென்மண்டலப் போட்டியில் ஜெயிச்சு வந்த அன்னைக்கு, கப்பைத் தூக்கிட்டு நேரே அடுக்களைக்கு வந்தாங்க. சத்தம் கேட்டதும் நான் ஸ்டோருக்குள்ளே போய் அரிசி மூட்டைக்குப் பின்னாலே நின்னுட்டேன்.

“எங்க அம்மா?”ன்னு கீப்பர் கேட்டான்.

“அவளுக்கு வெக்கம் ஆக்கும்”னு அக்கா சொன்னா. “கல்யாணத்தன்னைக்கும் இப்படித்தான் மூட்டைக்குப் பின்னால நின்னிருப்பா.”

சிரிச்சாங்க. மகன் மட்டும் ஸ்டோர் கதவுக்கு முன்னால வந்து நின்னு, “வரவேண்டாம், விடுங்கலே. அம்மைக்கு உள்ளதை இங்கே வச்சிருவோம்”னான். அந்தக் கப்பில் டீயை ஊத்தி, நான் திருவுற பலகையில் வச்சுட்டுப் போனாங்க. எல்லாரும் போனப்புறம் வந்து குடிச்சேன். ஆறிப் போயிருந்தது. வெள்ளி மாதிரி பளபளன்னு இருக்குமே தவிர, வாயில் வச்சா தகரம்தான். எனக்க வாழ்க்கையில் அதைப்போல ஒரு டீ குடிச்சதில்லை.

அதுக்கு அடுத்த மாசம்தான் வெளியே இருந்து ரெண்டு பேர் ஆளெடுக்க வந்தாங்க. எனக்குத் தெரியுற கோல் போஸ்டுக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தாங்க. அக்கா அடுப்பைத் தான் பார்த்துக்கிடுதேன்னு என்னை ஜன்னலோரமா விட்டா. ரெண்டாவது பாதியில் அவன் எனக்குத் தெரியுற பக்கம்தான் விளையாடினான். இடது ஓரம் வழியா வந்தான். ஒருத்தனைத் தாண்டினான், இன்னொருத்தன் விழுந்து கிடந்தான். பந்து வலையில் போனதை நான் கண்ணால் கண்டேன். ஓடிப்போய் அவன் ஜன்னலைப் பார்த்துக் கையைத் தூக்கினான். எனக்காக்கும். நான் கையில் தேங்காய் முறியோடு அப்படியே இருந்தேன். திருப்பிக் கை தூக்கத் தோணலை.

சாயங்காலம் அவன் வந்து மூச்சு வாங்கிட்டுச் சொன்னான். “எம்மா, ஸ்டேட் ஜூனியர் டீமுக்கு எனக்க பேரை எழுதியாச்சு. இருபத்தொண்ணு வயசுக்குக் கீழே உள்ளவங்க டீம். அதில் விளையாடினா ஒரு பெரிய ஆபீஸ் டீமில் நேரே வேலைக்கு எடுப்பாங்களாம். பந்து விளையாடுறதுதான் வேலை, எம்மா. நாளைக்கு, பிறந்த தேதி காட்ட, எஸ்.எஸ்.எல்.சி. புக்கை மட்டும் கொண்டாந்திரு.”

புக்குன்னு கேட்டதும் நான் திரும்பி, கழுவி வச்ச பாத்திரத்தையே திரும்பவும் கழுவினேன்.

மறுநாள் தகரப் பெட்டியில் இருந்து அந்தப் புக்கை எடுத்து, துணியில் சுத்திக் கொண்டுபோனேன். கோச்சு சாருக்க அறையில் நாலைஞ்சு ஆம்பிளைங்க இருந்தாங்க. மகன் கதவுப் பக்கம் நின்னான். சார் புக்கைத் திறந்தாரு, தேதியைப் பார்த்தாரு. விரலை மடக்கி எண்ணினாரு. திரும்பவும் எண்ணினாரு.

“ரெண்டு மாசம் கூடிப்போச்சல்லோ”ன்னாரு.

அப்புறம் அவரு என்னைப் பார்த்தாரு. நல்ல மனுஷன். மலையாளமும் தமிழும் கலந்து, எனக்குப் புரியணும்னு பைய்யப் பைய்யக் கேட்டாரு. “சேச்சி, இந்தத் தேதி சரியாணோ? பள்ளிக்கூடத்தில் சேர்த்தப்போ எங்கேயாவது மாறிப்போயிருக்கா? நல்லா ஆலோசிச்சுச் சொல்லுங்க.”

மகன் என்னைப் பார்த்தான். நான் தரையைப் பார்த்தேன்.

“சரிதான் சார்”னு சொன்னேன்.

சரியில்லை. அதைத்தான் இவ்வளவு நேரமா எழுத வாறேன்.

அவன் பிறந்தது ஆடி மாசம். புக்கில் இருக்கிறது அதுக்கும் ஒரு வருஷமும் ரெண்டு மாசமும் முன்னே உள்ள ஒரு தேதி. அதைச் சொல்லிக் கொடுத்தது நான்.

அவனுக்க அப்பா அப்போ மலையோரம் ரப்பர் தோட்டத்து வேலைக்குப் போனவரு. வந்தா உண்டு, வராட்டி இல்லை. நான் செங்கச்சூளையில் சுமடு. பிள்ளையைச் சூளையில் கொண்டு வச்சா, புகையும் பொடியும். ஒரு நாள் காய வச்ச பச்சைக் கல்லுக்கு மேலே ஏறி விழுந்து தாடையை உடைச்சுக்கிட்டான். பள்ளிக்கூடத்தில் சேர்த்துவிட்டா சாயங்காலம் வரை ஒரு கூரைக்குக் கீழே இருப்பான், மத்தியானம் மஞ்ச உப்புமாவும் கிடைக்கும். எங்க சூளையில் வேலை செய்த பெண்ணுங்க எல்லாம் அப்படித்தான் செய்தாங்க. அஞ்சு வயசு திகையாத பிள்ளைக்கு அஞ்சு திகைஞ்சாச்சுன்னு சொல்லிச் சேர்ப்பாங்க. அதுக்குச் சர்ட்டிபிகேட் யாரும் கேட்கிறது இல்லை. கையைத் தலைக்கு மேலே சுத்திப் போட்டு மறுபக்கத்துக் காதைத் தொடணும். தொட்டா அஞ்சு வயசு.

அவனுக்கு நாலுகூடத் திகையலை. எடவ மாசம், பள்ளிக்கூடம் திறந்த நேரம், மழை பெய்யுது. ஹெட்மாஸ்டர் மேசைக்கு முன்னாலே நிறுத்தி, “காதைத் தொடு, பார்ப்போம்”னாரு. பிள்ளை கையைத் தலைக்கு மேலே போட்டான். விரல் காதுக்கு மேலேயே நின்னுட்டுது. நான் பின்னாலே நின்னு அவனுக்க தலையில் கையை வச்சேன், தலைமுடியை ஒதுக்கிற மாதிரி. பைய்ய ஒரு பக்கமாச் சாய்ச்சேன். விரல் காதில் பட்டுது.

ஹெட்மாஸ்டர் பார்த்தாரு. பார்த்தும் ஒண்ணும் கேட்கலை. “எந்த மாசம்?”னு மட்டும் கேட்டாரு. நான் சொன்னேன், அவரு எழுதினாரு. அவ்வளவுதான். அன்னைக்கு மத்தியானம் அவன் உப்புமா தின்னான். நான் சூளையில் சமாதானமாக் கல்லு சுமந்தேன்.

கோச்சு சாருக்க அறையில் இதை எப்படிச் சொல்லுவேன்? அவ்வளவு ஆம்பிளைங்களுக்கு முன்னாலே, நான் சர்க்கார் புஸ்தகத்தில் கள்ளம் எழுத வச்சேன்னு எப்படிச் சொல்லுவேன்? சொன்னா அவனுக்க பரீட்சை எல்லாம் செல்லாதுன்னு ஆக்கிருவாங்களோ, போலீஸ் வருமோன்னு எனக்குள்ளே என்னவெல்லாமோ ஓடிச்சு. நாலாம் கிளாஸ்காரிக்கு அதுக்கு மேலே புத்தி போகாது.

ஆனா அன்னைக்கு சார் இன்னொண்ணும் சொல்லியிருந்தாரு. “லிஸ்ட் போறதுக்கு இன்னும் பத்து நாள் உண்டு.” அது மட்டும் என் காதில் நின்னுட்டுது.

முதல் பிள்ளையான இவனைப் பெற நான் அம்மை வீட்டுக்குப் போயிருந்தேன். அது களியக்காவிளைக்கு அந்தப் பக்கம், தமிழ்நாட்டில். எனக்க அப்பா எழுத்துக்காரியத்தில் கண்டிப்பானவரு. பேரன் பிறந்த மூணாம் நாளே வில்லேஜ் ஆபீஸில் போய் எழுதி வச்சிருந்தாரு. ஞாயிற்றுக்கிழமை அண்ணன் வீட்டுக்குப் போனேன். விஷயத்தைச் சொன்னேன். அண்ணன் என்னைத் திட்டவும் இல்லை, தேற்றவும் இல்லை. “பிள்ளே, இதை நீ அங்கேயே சொல்லியிருக்கப்பிடாதா?”ன்னு கேட்டுட்டு, திங்கட்கிழமை என்கூட ஆபீஸுக்கு வந்தான். பழைய புஸ்தகம் எங்கேயோ மேலே அட்டத்தில் கிடந்தது. ரெண்டு நாள் நடக்க வச்சாங்க. புதன்கிழமை மத்தியானம் கிடைச்சுட்டுது. ஆடி மாசம், அப்பா போட்ட ஒப்பு, அவனுக்க உண்மையான நாள். ஒரு ஒற்றைக் காகிதம்.

இனி அதைக் கொண்டு கொடுத்தா முடிஞ்சுது. இன்னும் நாலு நாள் இருந்தது.

வியாழக்கிழமை டீ எடுத்துக் கொடுத்துட்டு, காகிதத்தைத் தூக்குப் பாத்திரப் பையில் வச்சு, சாருக்க அறைக்குப் போனேன். உள்ளே ஆள் இருந்தது. வராண்டாவில் நின்னேன். யாரோ ஒரு பிள்ளை, “சேச்சிக்கு எந்தா வேணும்?”னு கேட்டான். ‘ஒண்ணுமில்லை’ன்னு திரும்பிட்டேன். வெள்ளிக்கிழமை கதவு வரைக்கும் போனேன். சார் தனியாத்தான் இருந்தாரு, போனில் பேசிட்டிருந்தாரு. போன் முடியட்டும்னு நின்னேன். முடிஞ்சுது. அடுக்களையில் பாத்திரம் கிடக்கேன்னு ஒரு நினைப்பு வந்தது. அந்த நினைப்பை நானே பிடிச்சுக்கிட்டு வந்துட்டேன். சனிக்கிழமை மகனிடமே கொடுத்திருவோம்னு தீர்மானிச்சேன். அவன் சாப்பிட வந்தான். முகம் வாடிக் கிடந்தது. கருகின தோசை கேட்கலை. நான் தோசையை வச்சேன். பை என் காலடியில்தான் இருந்தது. “அம்மா அன்னைக்குக் கள்ளம் சொன்னேன்”னு சொல்ல வந்தவ, “இன்னும் ஒண்ணு வைக்கட்டா மக்கா?”ன்னு கேட்டேன்.

அன்னைக்குச் சாயங்காலம் அக்காவுக்கு விளங்கிட்டுது. திரும்புற ரயிலில் என் பையைத் திறந்தவ காகிதத்தைப் பார்த்துட்டா. படிச்சா. “எட்டி பாவி, இதைப் பையில வச்சுக்கிட்டா மூணு நாளா மரச்சீனி தின்னே?” பெட்டியில் உள்ள எல்லாரும் கேட்கத்தான் கத்தினா. “திங்கட்கிழமை நானே உன்னை இழுத்துட்டுப் போறேன்.”

இழுத்துட்டுத்தான் போனா. சாரிடம் காகிதத்தைக் கொடுத்து அவளே எல்லாம் சொன்னா. நான் கதவைப் பிடிச்சுட்டு நின்னேன். சார் வாசிச்சாரு. அவருக்குத் தமிழ் வாசிக்கத் தெரியும். வாசிச்சுட்டுக் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வச்சாரு.

“லிஸ்ட் காலையில போயாச்சு சேச்சி”ன்னாரு.

அக்கா, “பின்னாலே ஒரு ஆளை அனுப்பினா?”ன்னா.

“வெள்ளிக்கிழமை கிடைச்சிருந்தா நானே எடுத்துட்டுப் போய்க் கெஞ்சிப் பார்த்திருப்பேன். புக்கில் தேதியைத் திருத்த மாசக்கணக்காகும். ஆனாலும் இதைக் காட்டி அப்ளிகேஷன் கொடுத்திருக்கோம்னு சொன்னா, ஒருவேளை விட்டிருப்பாங்க. விடாமலும் இருந்திருப்பாங்க. எனக்குத் தெரியாது.” காகிதத்தை மடிச்சு என் கையில் திருப்பித் தந்தாரு. கோபமே படலை. கோபப்பட்டிருந்தா எனக்குக் கொஞ்சம் எளுப்பமா இருந்திருக்கும்.

விட்டிருப்பாங்களா, மாட்டாங்களா? இவ்வளவு வருஷமா அதுதான் எனக்குத் தெரியாமலே கிடக்கு.

பிரசவத்துக்குப் போனவ திரும்பி வந்தப்போ எனக்க வேலையும் முடிஞ்சுது. கடைசி நாள் மகன் என்னை ரயிலேத்த வந்தான். பிளாட்பாரத்தில் சிமெண்ட் பெஞ்சில் இருந்தோம். அக்கா எங்க ரெண்டு பேரையும் பார்த்துட்டு, வண்டி வாறதுக்குள்ளே கடலை வாங்கிட்டு வாறேன்னு எழும்பிப் போனா. நான் பையில் இருந்து அந்தக் காகிதத்தை எடுத்து அவன் மடியில் வச்சேன். அவன் வாசிக்கலை. திருப்பிக்கூடப் பார்க்கலை.

“எனக்குத் தெரியும்மா”ன்னான்.

“சார் சொன்னாரா?”

“இல்லை. எனக்க தலையில நீ கை வச்சது எனக்கு ஓர்மை உண்டு. உனக்க கையில செங்கப்பொடி மணத்தது. தலையைச் சாய்ச்சே. காது கிட்டிச்சு.”

நாலு வயசு திகையாத பிள்ளைக்கு அது எப்படி ஓர்மை இருக்கும்? ஆனா அந்தச் செங்கப்பொடி மணத்தை நான் யாரிடமும் சொன்னதில்லை.

“பின்னே அன்னைக்கு சாருக்க அறையில நீ ஏன் சொல்லலை மக்கா?”

அவன் தண்டவாளத்தைப் பார்த்துட்டே இருந்தான்.

“சார் உன்கிட்டேதானே கேட்டாரு. நீ சொல்லுவேன்னு உன் முகத்தையே பார்த்துட்டு நின்னேன். நீ சரிதான்னு சொன்னப்புறம், அது கள்ளம்னு நான் எப்படிம்மா சொல்ல? அவ்வளவு பேருக்கு முன்னால, எங்க அம்மை பொய் சொல்லுதான்னு நானா சொல்லுவேன்?”

வண்டி வந்தது. அக்கா கடலைப் பொட்டலத்தோட ஓடி வந்தா. அவன் காகிதத்தை மடிச்சு என் பையில் திரும்ப வச்சான், தூக்குப் பாத்திரத்துக்கு அடியில், நான் வச்சிருந்த அதே இடத்தில். என் தலையில் ஒரு தட்டு தட்டிட்டு, “ஏறு, ஏறு, சீட்டுப் போயிரும்”னான். வண்டி நகர்ந்தப்போ அவன் கையைத் தூக்கினான். இந்தத் தடவை நானும் தூக்கினேன். பார்த்தானான்னு தெரியலை. கூட்டம் மறைச்சுட்டுது.

எம்.ஏ. முடிச்சான். அதோட பந்தும் முடிஞ்சுது. நெய்யாற்றின்கரையில் ஒரு சிமெண்டுக் கடையில் சேர்ந்தான், இன்னும் அங்கேதான் இருக்கான். பூட்ஸை யாருக்கோ கொடுத்துட்டான். முனையில் திணிச்சிருந்த துணியை மட்டும் எடுத்துட்டு வந்து, துவைக்கச் சொல்லி என்னிடம் தந்தான். துவைச்சுப் போட்டேன். டி.வி.யில் பந்து விளையாட்டு வந்தா எழும்பிப் போயிருவான். அவனுக்க பிள்ளைங்க கேட்டா, தலைவலின்னு சொல்லுவான்.

அவனுக்க பிறந்தநாளைப் பிள்ளைங்க புக்கில் உள்ள தேதியில்தான் கொண்டாடும். கேக்கு வாங்கும், மெழுகுவத்தி வைக்கும். அன்னைக்கு நானும் ஒரு துண்டு வாங்கித் தின்பேன். ரெண்டு மூணு மாசம் கழிஞ்சு ஆடியில் ஒரு நாள் நான் பாயசம் வைப்பேன். என்ன விசேஷம்னு மருமகள் கேட்பா. ஒண்ணுமில்லை, சும்மா வச்சேன்னு சொல்லுவேன். அவன் கடையில் இருந்து வந்து, ஒண்ணும் கேட்காமல் உட்கார்ந்து, ரெண்டு கிளாஸ் குடிப்பான். கிளாஸைக் கவுத்தி வச்சுட்டு எழும்பும்போது என்னை ஒரு தடவை பார்ப்பான்.

அப்பவும் நான் தரையைத்தான் பார்ப்பேன்.